கடல் கடந்தவரும் காத்திருந்தவரும்
மலாயா உத்தியோகமும் யாழ்ப்பாணக் குடும்பமும்

பிரிவு என்பது தமிழர்க்குப் புதியதன்று. கல்வியின் பொருட்டுப் பிரிதல், பகைமேற் செல்லப் பிரிதல், தூது செல்லப் பிரிதல், பொருள் தேடப் பிரிதல் என அதனை வகை வகையாக வகுத்துக் கூறினர் பண்டை இலக்கண நூலார். பிரிந்து சென்றவனையும் பிரிந்திருந்தவளையும் பாடுவதற்கென்றே பாலைத்திணை என ஒரு திணையை வைத்தனர். கடல்வழிச் செல்லும்போது மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியச் சூத்திரமொன்றுக்கு உரை கூறுவாருமுளர். பின்வந்த ஔவையாரோ, கடல் கடந்து சென்றாயினும் செல்வம் தேடும்படி சிறுவர்க்கு அறிவுறுத்தினார்.

இவ்விரண்டையும் ஒருங்கே வாழ்ந்து பார்த்த சமூகங்களுள் எமது யாழ்ப்பாணச் சமூகமும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் எம்மவர் ஆயிரக்கணக்கில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் நாடிச் சென்றனர். அவர்கள் ஈட்டிய பொருளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். எந்தக் கோயில் மண்டபம் சிங்கப்பூர்ப் பணத்தில் எழுந்தது, எந்தக் கல்வீடு ஈப்போப் பணத்தில் எழுந்தது என்பதை ஊர்ப் பெரியோர் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். ஆனால், எந்தக் கணக்குக்கும் வரவென்றும் செலவென்றும் இரு பக்கமுண்டு. மலாயாக் கணக்கின் வரவுப் பக்கத்தை எழுதிவைத்த நாம் செலவுப் பக்கத்தை எழுதி வைக்கவில்லை. தந்தையின் முகமறியாது வளர்ந்த பிள்ளைகள், வேலிக்குள் நின்று குடும்பத்தைக் கொண்டு நடத்திய பெண்கள், மகன் கையாற் கொள்ளி பெறாது கண்மூடிய முதியோர் ஆகியோரே அப்பக்கத்துக்கு உரியவர்கள். அவர்களையும் சேர்த்து நினைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏன் புறப்பட்டனர்?

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் கீழே ஊறும் நீரைக் கிணறு வெட்டித் துலா மிதித்து இறைத்துத்தான் எம் முன்னோர் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர். நெல்லுக்கோ வானத்தை நோக்கியிருக்க வேண்டியதாயிற்று. தலைமுறைக்குத் தலைமுறை காணி பங்கிடப்பட, பாட்டன் காலத்தில் ஏக்கராக இருந்தது பேரன் காலத்தில் பரப்புக் கணக்காகச் சுருங்கிற்று. பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கும் வழக்கமும் உண்டாதலால், ஆண்பிள்ளைகள் வேறு வழி தேடவேண்டியவர்களாயினர்.

அந்த வழியைத் திறந்தது கல்வி. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் தத்தம் கல்லூரிகளைத் தொடங்கினர். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது கற்கவேண்டுமென்று ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் காட்டிய வழியில் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. இவ்வாறு பரப்பளவிற் சிறிய இக்குடாநாட்டில் ஆங்கிலம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் வல்ல இளைஞர் பெருகினர். அவர்கள் அனைவருக்கும் போதிய கந்தோர் உத்தியோகங்கள் இலங்கையில் இருக்கவில்லை.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் ஆட்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது. 1874இல் பங்கோர் உடன்படிக்கை மூலம் ஆங்கிலேயர் பேராக் நாட்டு நிருவாகத்திற் காலூன்றினர். 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் நாடுகளாயின. ஈயச் சுரங்கங்களுக்குத் தெருவும் இருப்புப்பாதையும் வேண்டியிருந்தன. பின்னர் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. தெருவைப் போட்டால் அளப்பதற்கு ஆள் வேண்டும். அளந்தால் எழுதுவதற்கு ஆள் வேண்டும். எழுதினால் பணத்தைக் கணக்கு வைக்க ஆள் வேண்டும். இலங்கையில் ஏற்கனவே பழகிய நிருவாக முறையே அங்கும் நடந்தமையால், ஆங்கில அதிகாரிகள் இலங்கை நோக்கித் திரும்பினர்.

இருப்புப் பாதையும் எழுதுகோலும்

மலாயாவின் முதலாவது புகையிரதம் 1885 யூன் 1ஆந் திகதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையே ஓடிற்று. ஏறக்குறைய எட்டு மைல் நீளமான அப்பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 'பயனியர்' படையினர். இலங்கையருக்கும் மலாயா ரெயில்வேக்கும் இடையிலான நெடுங்காலத் தொடர்புக்கு இதுவே தோற்றுவாய் எனலாம். இலங்கைப் பொதுவேலைப் பகுதியில் முன்பு கடமை பார்த்த ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் 1891இல் சிலாங்கூருக்குச் சென்று, 1901இல் கூட்டு மலாய் நாட்டு ரெயில்வேயின் தலைவரானார். யாழ்ப்பாணத்து இளைஞரின் திறமையை அறிந்திருந்த அவர் காலத்தில் எம்மவர் பெருந்தொகையாக அத்திணைக்களத்திற் சேர்ந்தனர். 1909இல் வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர்பாரு வரை பாதை நீண்டபோது, அப்பாதையிலுள்ள நிலையங்கள் பலவற்றில் யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிபராகவும் கிளாக்கராகவும் இருந்தனர். ரெயில்வேயிலன்றி, நில அளவை, தபால், திறைசேரி, பொதுவேலை, வைத்தியசாலை, பாடசாலை ஆகியவற்றிலும், தோட்டக் கந்தோர்களிலும் அவர்களைக் காணலாயிற்று.

பயணமோ எளிதன்று. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இலேதான் தெற்குடன் முற்றாக இணைக்கப்பட்டது. அதற்கு முன் கொழும்பு செல்வதற்குக் கரையோரக் கப்பலை நம்பவேண்டும். அல்லது காட்டுவழியே மாட்டுவண்டியிற் செல்லவேண்டும். கொழும்பிலிருந்து பினாங்குக்குக் கப்பல். வேறு சிலர் நாகபட்டினஞ் சென்று அங்கிருந்து கப்பலேறினர். கையில் ஒரு றங்குப்பெட்டி. அதனுள் இரண்டு வேட்டி, ஒரு கோட்டு, திருநீற்றுச் சம்புடம், தாய் கட்டிக்கொடுத்த புழுக்கொடியலும் பினாட்டும், வேப்பம்பூ வடகமும் மோர்மிளகாயும். மாமன் தைப்பிங்கில் இருந்தால் மருமகன் தைப்பிங்குக்குப் போவான். பெரியதகப்பன் சிரம்பானில் இருந்தால் அவன் சிரம்பானுக்குப் போவான். போன இடத்தில் வேலை கிடைக்கும்வரை சோறும் படுக்கப் பாயும் கொடுப்பது முன் சென்றவனின் கடமையாகக் கருதப்பட்டது.

வீடு எது?

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சென்றவர்கள் குடியேறச் செல்லவில்லை. உத்தியோகம் பார்க்கச் சென்றனர். உழைப்பு அங்கே, வாழ்வு இங்கே என்பதே அவர்கள் உள்ளக் கிடக்கை. கலியாணம் யாழ்ப்பாணத்திற் சாதகம் பார்த்து நடக்கும். பிள்ளைப்பேற்றுக்கு மனைவி தாய்வீடு வருவாள். பிள்ளை வளர்ந்தால் படிப்புக்கு ஊருக்கு அனுப்பப்படும். முதுமையில் பென்சனோடு ஊர் திரும்பிக் கோயில் வீதியில் உலாவிக் கீரிமலையிற் சாம்பலாகக் கரையவேண்டும். இதுவே எழுதாத திட்டம். ஆதலால் ஒரே குடும்பத்தின் ஆயுள் இரண்டு கரைகளிலும் துண்டு துண்டாகக் கழிந்தது.

பொதுவாழ்விற் பெயர் பெற்ற மூவரின் பிறப்பையும் இளமையையும் நோக்கினாலே இத்திட்டம் புலப்படும். தந்தை செல்வா எனப் போற்றப்படும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1898 மார்ச் 31ஆந் திகதி ஈப்போவிற் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாகும்போது, பிள்ளைகளின் கல்வியின் பொருட்டுத் தாயார் அவர்களைத் தெல்லிப்பழைக்கு அழைத்து வந்தார். தந்தையார் மலாயாவிலே தங்கிவிட்டார். சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சராகிய எஸ். இராசரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயா சென்று சிரம்பானில் வளர்ந்தார். சிங்கப்பூர்ப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரலாக விளங்கிய ஜே. பி. ஜெயரத்தினம் 1926இற் சங்கானையிற் பிறந்தார். ஜொகூரிற் பொதுவேலைப் பகுதியிற் கடமையாற்றிய அவர் தந்தையார் அப்பொழுது விடுமுறையில் ஊர் வந்திருந்தார். ஒருவர் அங்கே பிறந்து இங்கே வளர்ந்தார். மற்ற இருவரும் இங்கே பிறந்து அங்கே வளர்ந்தனர். பெயர் அறியப்படாத ஆயிரம் குடும்பங்களிலும் இதுவே நடந்தது.

தமிழகத்து நகரத்தார் சமூகத்திலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற செட்டிமார் கடைகளின் முகவர்கள் மூன்றாண்டுத் தவணைக்குக் குடும்பத்தை விட்டுச் செல்வர். தவணை முடிய ஊர் திரும்பி, சிலகாலம் தங்கி, மீண்டும் செல்வர். அவர்களுக்குத் தவணை என்றொரு எல்லை இருந்தது. எம்மவர்க்கோ அத்தகைய எல்லையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் நீண்ட விடுமுறையே அவர்களுக்கு ஊர்.

ஊரை அங்கேயும் உண்டாக்க அவர்கள் முயலாமலில்லை. நல்லூர்க் கந்தனை விட்டுப்பிரிந்த ஏக்கந்தான் கோலாலம்பூர் பிறிக்பீல்ட்ஸ் பகுதியிற் கந்தசுவாமி கோவிலாக எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்த அக்கோவில் சிலாங்கூர் இலங்கைச் சைவர் சங்கத்தாற் பரிபாலிக்கப்பட்டு வருகின்றது. 1897இல் யாழ்ப்பாணம் வந்து உரையாற்றிச் சென்ற சுவாமி விவேகானந்தரின் பெயரால் 1904இல் அதே பகுதியில் ஓர் ஆச்சிரமத்தையும் எம்மவர் நிறுவினர். சிங்கப்பூரிற் சிலோன் வீதியிலே செண்பக விநாயகர் ஆலயம் அவர்களைக் கூட்டிவைத்தது. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் அங்கும் உண்டு. மார்கழியில் திருவெம்பாவை அங்கும் உண்டு. ஆனால் பனங்கட்டியும் ஒடியல்மாவும் கப்பலில் வரவேண்டும். வராத ஆண்டில் ஆடிக்கூழுக்கு ருசி குறைந்திருக்கும்.

ஒரு குறையையும் மறைக்காது கூறுதல் நன்று. தோட்டங்களிற் கூலிகளாக உழைத்த தமிழகத் தமிழரும் எம்மவரும் ஒரே மொழி பேசினர். ஒரே முருகனை வணங்கினர். எனினும் கந்தோர் மேசைக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாக அவர்கள் பிரிந்தே வாழ்ந்தனர். ஊரை விட்ட துயரம் இருவர்க்கும் பொதுவாக இருந்தும், அத்துயரம் இருவரையும் இணைக்கவில்லை. இது எமது வரலாற்றிற் பெருமைக்குரிய பக்கமன்று.

வேலிக்குள் நின்றவர்

மனைவியை உடனழைத்துச் சென்றோரும் பலர். விட்டுச் சென்றோரும் பலர். குவாட்டஸ் வீடு கிடைக்காமை, சம்பளம் போதாமை, முதிய பெற்றோர், பிள்ளைகளின் படிப்பு, காணி பூமி என ஏதோவொன்று பெண்ணை ஊரிலே நிறுத்திவிடும். அவள் செய்த வேலை எத்தகையது? விடியற்காலையில் தோட்டக்காரனுக்கு இறைப்புக் கூலி பேசினாள். வேலியடைக்க ஓலை வாங்கினாள். மாமன் மாமிக்கு மருந்து கொடுத்தாள். நாத்தனாருக்கு மாப்பிள்ளை தேடினாள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினாள். அயலவன் எல்லைக் கதியாலை அரையடி தள்ளி நட்டால் விதானையாரிடம் முறையிட்டாள்.

இத்தனையும் செய்த அவளுக்கு ஒன்று மட்டும் முடியாது. எமது தேசவழமைச் சட்டத்தின்படி, அவளுடைய சொந்தச் சீதனக் காணியையேனும் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ அவளாற் கூடாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டமும் இவ்விதியை உறுதிசெய்தது. அவசரச் செலவு வந்தால் கணவன் கையொப்பத்துக்காகக் கடிதம் கடல் கடக்க வேண்டும்; அல்லது அவன் முன்கூட்டியே அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். அதுவும் பெரும்பாலும் மனைவியின் பெயருக்கன்றி அண்ணன் தம்பியின் பெயருக்கே எழுதப்படும். பொறுப்பெல்லாம் அவள் தலையில், அதிகாரமோ கடலுக்கு அப்பால். மலாயாச் செல்வத்தின் வரலாற்றை எழுதுவோர் இதனை மறத்தல் தகாது.

கடிதத்தின் தலைப்பிற் பிள்ளையார்சுழி, அதன்கீழ்ச் சிவமயம். இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கி, புகையிலை விலை, மாடு ஈன்ற செய்தி, காணி வழக்குத் தவணை, கோயிற் கொடியேற்றத் திகதி என்று செல்லும். தான் காய்ச்சலிற் கிடந்ததை அவள் எழுதமாட்டாள். மேலதிகாரி ஏசியதை அவன் எழுதமாட்டான். மறுமொழி வரப் பல வாரமாகும். அதற்குள் கேட்ட கேள்வியே பழசாகிவிடும். எழுதத் தெரியாத தாய்மார் அயல்வீட்டுப் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிப்பர். அந்தப் பிள்ளை முன்னிலையில் மகனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தாய் தயங்கி நிற்பாள்.

எல்லாவற்றிலும் கொடியது மரணச் செய்தி. தந்தி மறுநாளே போய்ச் சேரலாம். மகன் வந்து சேர முடியாது. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும் என்பது எமது முறை. மூத்தவன் மலாயாவில் இருந்தால் இளையவனோ மருமகனோ பெறாமகனோ அக்கடனைச் செய்வர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு கீரிமலைக்கு உறவினர் போகையில் மகன் கோலாலம்பூரில் லீவு கேட்டு ஆற்றங்கரையில் முழுகுவான். பல ஆண்டுகளின் பின் விடுமுறையில் வந்து, ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் இறங்கும்போதுதான் அவனுக்குத் தகப்பன் இறந்தது உண்மையாகும். தந்தை உத்தியோகத்தில் இருக்கப் பிறந்த பிள்ளை, அவர் ஊர் வரும்போது அந்நியரைக் கண்டதுபோலத் தாயின் சேலைத் தலைப்பில் ஒளிந்துகொள்வதும் அக்காலத்தில் எந்த வீட்டிலும் புதினமன்று.

காசுக்கட்டளை கட்டியவை

இவற்றுக்கு ஈடாக வந்ததே காசுக்கட்டளை. மணியோடர் என்பதே மக்கள் வழக்கு. தபாற்காரன் படலையில் மணியடித்தால் அந்த வீட்டுக்கு மாதம் பிறந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரமே மணியோடர்ப் பொருளாதாரம் எனப் பெயர் பெற்றது. ஓலை வேய்ந்த மண்வீடு இருந்த இடத்தில் நாற்சார்க் கல்வீடு எழுந்தது. ஓலைவேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. கோயில்களுக்கு மண்டபமும் மணியும் தேரும் வந்தன. எமது கல்லூரிகள் பல மலாயாவில் நிதி திரட்டிக் கட்டடம் எழுப்பின. ஒருவன் அனுப்பிய பணத்தில் அவன் தம்பி படித்து, அத்தம்பி கொழும்பில் உத்தியோகமாகி, அவன் மகன் டாக்குத்தராகினான். யாழ்ப்பாணம் கல்வியிற் பெயரெடுத்தமைக்கு இப்பணம் செய்த உதவி பெரிது.

ஆயினும் அதன் வேறு விளைவுகளையும் கூறவேண்டும். மலாயா மாப்பிள்ளைக்கு என்றொரு சீதன விலை ஏற்பட்டது. காணி விலை ஏறிற்று. உழுதுண்ட கைக்கு மதிப்புக் குறைந்து, எழுதியுண்ட கைக்கு மதிப்புக் கூடிற்று. கல்விக்கூடத்தின் கதவு எல்லாச் சாதியார்க்கும் ஒரேவிதமாகத் திறந்திருக்கவில்லையாதலால், மணியோடரும் எல்லா முற்றத்துக்கும் வரவில்லை. முன்பிருந்த ஏற்றத்தாழ்வு கல்வீட்டினால் இன்னும் உயர்ந்து தெரிந்தது.

தபால் நின்ற காலம்

1941 டிசம்பர் 8ஆந் திகதி யப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கிற்று. 1942 பெப்ருவரி 15இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று தொடங்கி 1945இல் யுத்தம் முடியும்வரை மலாயாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வழமையான தபாற் போக்குவரத்து இல்லை, மணியோடரும் இல்லை. மூன்றரை ஆண்டுகளாக இங்கிருந்தவர்க்கு அங்கிருந்தவர் உயிரோடிருக்கின்றனரா என்பதே தெரியாது. தாலிக்கொடி இருந்தும் சுமங்கலியோ அல்லளோ என்றறியாது பெண்கள் கோயில்களில் நேர்த்தி வைத்தனர். மாதாமாதம் வந்த பணத்தை நம்பியிருந்த வீடுகளில் நகை ஈட்டுக்குப் போயிற்று. பின்னர் காணியும் போயிற்று. துலாவையும் தோட்டத்தையும் கைவிடாத வீடுகள் ஓரளவு தப்பின. பணத்தை மட்டும் நம்பியவர்க்கு அது மறக்கமுடியாத பாடமாயிற்று.

அங்கோ நிலைமை இன்னுங் கொடியது. சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையே யப்பானியர் போட்ட மரண ரெயில்பாதை வேலைக்குப் பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயா ரெயில்வே ஊழியரும் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் எம்மவரும் இருந்தனர். 1943 அக்டோபரில் அப்பாதை பூர்த்தியாயிற்று. அதற்குப் பலியானோர் பல்லாயிரவர். யப்பானியர் வெளியிட்ட வாழைமரத் தாள்கள் யுத்தம் முடிய வெறுந்தாளாயின. அத்தாள்களில் இருந்த சேமிப்பெல்லாம் ஒருநாளில் மறைந்தது.

யுத்தம் முடிந்து தபால் மீண்டும் ஓடத் தொடங்கியபோது சில வீடுகளுக்கு மூன்றாண்டுச் செய்தி ஒரே கடிதத்தில் வந்தது. சில வீடுகளுக்குப் பிறர் எழுதிய கடிதம் வந்தது.

இளைப்பாறி வந்தோர்

யுத்தத்தின் பின் வழி குறுகிற்று. 1953 முதல் மலாயாவின் குடிவரவுச் சட்டம் இறுகியது. 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அந்நாட்டு உத்தியோகங்கள் அந்நாட்டவர்க்கே என்ற கொள்கையும் நியாயமாகவே வலுத்தது. எம்மவர் குடும்பந்தோறும் ஒரு கேள்வி எழுந்தது: இங்கா, அங்கா? இரு கரையிலும் கால் வைத்து வாழ்ந்த காலம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் அங்கேயே பிறந்து படித்தவர்கள். அவர்கள் அந்நாட்டுப் பிரசைகளாயினர். தாய் தந்தையரிற் பலர் பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பினர்.

'மலாயாப் பென்சனியர்' என்பது எமது கிராமங்களில் ஒரு தனிப் பட்டமாகவே விளங்கிற்று. கையிற் குடை, நேரந் தவறாத நடை, பேச்சிடையே ஒன்றிரண்டு மலாய்ச் சொற்கள், வாசிகசாலையில் ஆங்கிலப் பத்திரிகை. கிராமச் சங்கத்துக்குத் தலைவராகவும் கோயிலுக்குத் தனாதிகாரியாகவும் வாசிகசாலைக்குப் போசகராகவும் அவர்கள் இருந்து ஆற்றிய தொண்டு பெரிது. கணக்கை ஒரு சதம் பிசகாது எழுதிய அவர்கள் பழக்கம் எமது சங்கங்களுக்கு நல்வழி காட்டிற்று.

ஆனால் முப்பதாண்டாகக் கனவிற் கண்ட ஊர் அங்கே இருக்கவில்லை. உடன் விளையாடியோர் இறந்திருந்தனர். கட்டிய கல்வீடு இருந்தது. நிரப்பப் பிள்ளைகள் இல்லை. முன்பு பிள்ளைகள் ஊரிலிருந்து தந்தையின் கடிதத்தை எதிர்பார்த்தனர். இப்பொழுது தந்தை ஊரிலிருந்து பிள்ளைகளின் கடிதத்தை எதிர்பார்த்தார். பிரிவு தீரவில்லை, திசைதான் மாறிற்று.

எஞ்சியிருப்பவை

மலேசியாவில் வாழ்ந்த எஸ். துரைராஜசிங்கம் 1867 முதல் 1967 வரையான நூறாண்டில் அந்நாட்டில் இலங்கையர் வாழ்ந்த வரலாற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அது கடல் கடந்தவரின் வரலாறு. காத்திருந்தவரின் வரலாற்றுக்கோ எமது வீட்டுப் பெட்டகங்களே சாட்சி. அச்சாட்சியும் வேகமாக அழிந்து வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஈடுசெய்ய முடியாத ஏடுகள் சாம்பலாயின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மலாயாப் பணத்திற் கட்டிய கல்வீடுகள் பல பின்னர் இருந்த இடந்தெரியாமற் போயின. 1995இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தபோது, கையில் எடுத்தது பிள்ளையையும் சோற்றுப்பானையையுமே. பழைய கடிதக் கட்டை யார் எடுத்தார்?

இன்று பிரிவு வேறு வடிவில் எம்மிடையே இருக்கின்றது. 1983இன் பின் எம்மவர் உலகெங்கும் சிதறியது உயிர்காக்கச் சென்ற செலவு. அதனை மலாயாச் செலவோடு ஒப்பிடல் பொருந்தாது. ஆனால் தொழிலுக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பழைய பாதையிலேயே நடக்கின்றனர். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது. அன்று தந்தை சென்றார், தாய் நின்றாள். இன்று எத்தனையோ வீடுகளில் தாயே சென்று பிறர் பிள்ளையை வளர்க்கிறாள். அவள் பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறாள். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம் என்பது உண்மை. ஆனால் காய்ச்சலிற் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொலைபேசி தொட்டுப் பார்க்காது. மலாயாக் கதையிலிருந்து அத்தகைய குடும்பங்கள் கற்கத்தக்கவை சில உண்டு. வரும் பணத்தை மட்டும் நம்பி வீட்டுத் தோட்டத்தைக் கைவிடலாகாது. ஊரில் நிற்பவர்க்குப் பொறுப்போடு அதிகாரத்தையுங் கொடுத்தல் வேண்டும். திரும்பி வரும் நாளை வரையறுத்துக்கொண்டு செல்லுதல் நன்று. அயலிலுள்ளார் அவ்வீட்டு முதியோரையும் பிள்ளைகளையும் தம்மவராகப் பார்த்தல் வேண்டும்.

சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மம்மாமாரிடமும் அப்பாச்சிமாரிடமும் சென்று அமருங்கள். யுத்தகாலத்தில் தபால் நின்றதை நினைவுகூரக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே. எந்தக் கப்பலில் யார் போனார், எத்தனை ஆண்டு வரவில்லை, வீட்டை யார் கொண்டு நடத்தினார், எந்த நகை ஈட்டுக்குப் போய்த் திரும்பியது என்று கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதிவையுங்கள். கோயிற் கல்வெட்டுகளில் உபயகாரர் பெயரும் ஆண்டும் இருக்கும்; அவற்றைப் பார்த்தெழுதுங்கள். அப்பெயர்களின் பின்னே ஊரில் நின்ற பெண்களின் பெயர்களையும் கேட்டுச் சேருங்கள். பழைய கடிதம், கடவுச்சீட்டு, மணியோடர்த் துண்டு, புகைப்படம் எதுவாயினும் எரிக்கவும் எறியவும் விடாது, உரியவர்களின் சம்மதத்தோடு பிரதி எடுத்து ஊர், ஆண்டு, உறவுமுறை குறித்துச் சங்கச் செயலாளரிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கப்படும்.